68 எம்.எம் பந்து, 72 எம்.எம் ஓட்டை! இதுல எப்படிங்க விழும்?

[திரையில்: ஒரு பெரிய வெள்ளைப் பந்து பாக்கெட் வாய்ல வந்து, ரெண்டு பக்கமும் டக் டக்னு இடிச்சு, அப்படியே நின்னுடுது]

இந்தப் பந்தோட அகலம் 68 எம்.எம். அது உள்ள போக வேண்டிய ஓட்டையோட வாய் 72 எம்.எம். பக்கத்துக்கு வெறும் 2 எம்.எம் இடம். காலையில எட்டரை மணி டவுன் பஸ்ல கூட இதைவிட தாராளமா ஏறிடலாம்! ஆனா இந்த டேபிள்ல வருஷக்கணக்கா மனுஷங்க ஆடிட்டு இருக்காங்க, ரசிச்சு ஆடறாங்க. எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் பொறுங்க.

வணக்கம் மக்களே! இன்னிக்கு மேட்டர் பூல் டேபிள் பாக்கெட், அதாவது குச்சியால அடிச்சுப் பந்தைப் போடற அந்த ஓட்டை. அரை இன்ச் கூடினாலோ குறைஞ்சாலோ ஆட்டம் எப்படி மாறுது, யாருக்கு ஜாலி, யாருக்கு கடுப்பு. அவ்வளவுதான்.

முதல்ல அடிப்படைக் கணக்கை சட்டுன்னு முடிச்சிடலாம். பூல் பந்து 2.25 இன்ச், அதாவது 57.15 எம்.எம். உலக பூல் சங்கத்தோட விதிப்படி கார்னர் பாக்கெட், அதாவது மூலை ஓட்டையோட வாய் 4.5-ல இருந்து 4.625 இன்ச். நீளப் பக்கத்து நடுவுல இருக்கிற சைடு பாக்கெட் அதைவிட அரை இன்ச் பெருசு. சமீபத்துல மேட்ச்ரூம்ங்கிற கம்பெனி நடத்தற பெரிய 9-பால் (ஒன்பது பந்து வெச்சு ஆடற பூல்) போட்டிகள்ல கார்னரை 4 இன்ச்சுக்கே இறுக்கிட்டாங்க. அடிப்படை ஓவர்.

[திரையில்: மேல இருந்து பார்க்கிற மாதிரி டேபிள் படம்]

இப்ப எனக்குப் பிடிச்ச பகுதி. பாக்கெட்ல இருந்து 1 மீட்டர் தள்ளி ஒரு பந்து நிக்குது. நேர் ஷாட். க்யூ பால், அதாவது நீங்க குச்சியால அடிக்கிற வெள்ளைப் பந்து, போய் அந்தப் பந்தைத் தொடற இடத்துல 1 எம்.எம் தள்ளிப் பட்டா, பந்து சுமாரா 1 டிகிரி திரும்பிடும். 1 டிகிரிதானேன்னு நினைக்காதீங்க. 1 மீட்டர் ஓடி பாக்கெட் வாய்க்கு வரும்போது அது பதினேழரை எம்.எம் விலகி இருக்கும்.

அப்ப எவ்வளவு தப்பு பண்ணலாம்? பாக்கெட் 5 இன்ச்சா இருந்தா, தொடற இடத்துல 2 எம்.எம் வரைக்கும் தப்பு பண்ணலாம். 4.5-ல ஒன்றரை எம்.எம்முக்கு மேல கொஞ்சம். 4 இன்ச்ல ஒண்ணேகால். இதெல்லாம் ஓரத்துல இடிக்காம சுத்தமா விழறதுக்கான கணக்கு.

அதே கணக்கை நான் முதல்ல காட்டின அந்த 72 எம்.எம் ஓட்டைக்குப் போடுங்க. 0.14 எம்.எம்! மக்களே, ஒரு ஏ4 தாளோட தடிமனே சுமாரா 0.1 எம்.எம். ஒரு தாள், மிஞ்சினா ஒன்றரைத் தாள். அவ்வளவுதான் உங்களுக்குக் கொடுத்திருக்கிற மன்னிப்பு. எங்க கணக்கு வாத்தியார் கூட இதைவிட அதிகமா மார்க் போட்டு மன்னிச்சிருக்கார்.

அந்த ஆட்டத்துக்குப் பேர் ரஷ்யன் பிரமிட். 12 அடி டேபிள். ஒரு பந்தோட எடை 280 கிராமுக்கும் மேல, பூல் பந்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல கனம். கார்னர் பாக்கெட் 72, 73 எம்.எம், சைடு 82, 83. இப்ப கேள்வி: இவ்வளவு கஷ்டத்தை ஒருத்தன் ஏன் காசு கொடுத்து வாங்கணும்?

இங்கதான் அந்த ஆட்டத்தை உருவாக்கினவங்க மூளை வேலை செஞ்சிருக்கு. ஓட்டையைச் சின்னதாக்கிட்டு, விதியைத் தளர்த்திட்டாங்க. நம்ம கேரம்ல ஸ்ட்ரைக்கர் உள்ள போனா என்ன ஆகும்? ஃபைன்! போட்ட காயினை எடுத்து நடுவுல வைக்கணும், எதிர்ல இருக்கிறவன் பல்லைக் காட்டுவான். பூல்ல க்யூ பால் விழுந்தா ஃபௌல். ஆனா பிரமிட்ல, நீங்க அடிச்ச பந்து இன்னொரு பந்து மேல பட்டுட்டு தானே பாக்கெட்டுக்குள்ள போச்சுன்னா, அது பாயிண்ட்! அதுலயும் ஃப்ரீ பிரமிட்னு ஒரு வகை இருக்கு. அதுல டேபிள்ல இருக்கிற எந்தப் பந்தை வேணா க்யூ பாலா வெச்சு அடிக்கலாம். 8 பந்து போட்டா ஜெயிச்சாச்சு. அதாவது, ஒரு ஷாட்டுக்கு வாய்ப்பு கம்மி, ஆனா எடுக்கக்கூடிய ஷாட் ஏராளம். கேரம்ல இந்த விதி இருந்திருந்தா எங்க தெருவுல நான்தான் சாம்பியன், ஸ்ட்ரைக்கரை உள்ள போடறதுல எனக்கு அவ்வளவு அனுபவம்.

கேரம்னு வந்ததால ஒண்ணு. சர்வதேச அளவுப்படி கேரம் பாக்கெட் 44.5 எம்.எம், காயின் 31 எம்.எம் வாக்குல. காயினைப் போல ஒன்றரை மடங்கு கூட வரல. பூல்ல பாக்கெட் பந்தை விட ரெண்டு மடங்கு. அப்ப கேரம் ஆடறவன் பூலை ஈசியா ஆடிடுவானா? அப்படிச் சொல்ல முடியாது. காயினோட நடுப்பகுதி ஓட்டை மேல வந்தாலே கவுந்து விழுந்துடும், ஓரத்து ஃப்ரேமும் உள்ள தள்ளிவிடும். ஆனா மூலையைப் பார்க்கிற கண்ணு ஏற்கெனவே பழகியிருக்கும், அது லாபம்தான்.

ஸ்நூக்கரைப் பத்தி ஒரே வரி: அங்க பாக்கெட் ஓரம் வளைஞ்சிருக்கும், பூல்ல முனையா வெட்டியிருக்கும். ஆங், இன்னொண்ணு, அந்த ஸ்நூக்கரோட விதிகளை 1880கள்ல எழுதி மாட்டினது நம்ம ஊட்டி கிளப்ல! சரி, பூலுக்கு வருவோம்.

[திரையில்: சைடு பாக்கெட்டை நோக்கிச் சாய்வா வர்ற பந்து]

டேபிள்ல எழுதியிருக்கிற சைஸ் ஒண்ணு, உங்க பந்துக்குக் கிடைக்கிற சைஸ் வேற. 5 இன்ச் சைடு பாக்கெட்டை நேரா பார்த்தா 5 இன்ச். 45 டிகிரி சாய்வுல இருந்து பார்த்தா சுமாரா மூன்றரை இன்ச். 60 டிகிரில ரெண்டரை. பந்தே ரெண்டேகால்! பாதி திறந்த கதவுக்குள்ள பீரோவைத் திணிக்கிற கதை. வேகமும் அப்படித்தான். மெதுவா வர்ற பந்து ஓரத்துல பட்டாலும் தயங்கித் தயங்கி விழுந்துடும். அதே பந்தை குஷன் (டேபிளைச் சுத்தியிருக்கிற ரப்பர் ஓரம்) ஓரமா ஓங்கி அடிச்சீங்கன்னா பாக்கெட்டோட ரெண்டு முனைக்கும் நடுவுல ஆடிட்டு வெளிய வந்து உங்களையே பார்க்கும்.

இப்ப யாருக்கு ஜாலி? என் கருத்தைச் சொல்றேன், திட்டணும்னா கமெண்ட்ல திட்டுங்க. நான் ஆடக் கத்துக்கிட்ட சென்டர்ல ஓனர் ஒரு டேபிளுக்கு மட்டும் ஓரத்து ரப்பருக்குப் பின்னால கூடுதல் பட்டை வெச்சு இறுக்கிட்டார். "ப்ரோ டேபிள்"னு பேர். முதல் வாரம் எல்லாரும் அதுக்குத்தான் வரிசை. மூணாவது வாரம் அது மேல ஹெல்மெட் வெச்சிருந்தாங்க.

புதுசா வர்றவனுக்கு பந்து விழணுங்க. விழற சத்தம் கேட்டாதான் அடுத்த நாள் வருவான்.

சரி, நல்லா ஆடறவங்களுக்கு? பெரிய பாக்கெட்னா எதிராளி சேர்ல உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். 1996-ல டல்லாஸ்ல அமெரிக்க ஆட்டக்காரர் எர்ல் ஸ்ட்ரிக்லாண்ட் 9-பால்ல தொடர்ந்து 10 ரேக் (ஒரு ரேக்னா ஒரு ஆட்டம்) ஜெயிச்சு, 10 லட்சம் டாலர் சவால்ல வென்றார். பார்க்க அட்டகாசம். எதிர்ல உட்கார்ந்திருந்தவரை நினைச்சுப் பாருங்க!

அதனால இறுக்கிடலாம்னு சொன்னா, அங்க ஒரு நஷ்டம் இருக்கு, இதை யாரும் பெருசா பேசறதில்ல. பாக்கெட்ல இடம் இருந்தா கெட்டிக்கார ஆட்டக்காரர் பந்தை நடுவுல போடமாட்டார். வேணும்னே இடது ஓரத்துலயோ வலது ஓரத்துலயோ போடுவார். அப்பதான் க்யூ பாலுக்கு அவர் நினைச்ச கோணம் கிடைக்கும், அடுத்த பந்துக்குப் போய் சரியா நிக்கும். 4 இன்ச்ல அந்த வித்தைக்கு இடம் சுருங்கிடுது. விழுந்தா போதும்னு அடிக்கிறாங்க, இல்லைன்னா மறைச்சு வெச்சு டிஃபென்ஸ் ஆடறாங்க. என்னைக் கேட்டா பார்க்கிறதுக்கு நாலரைதான் சரி.

சரி, உங்க சென்டர் டேபிள் எந்த ரகம்? டேப் வேண்டாம். ரெண்டு பூல் பந்தை எடுத்து, கார்னர் பாக்கெட்டோட ரெண்டு முனைக்கு நடுவுல ஒட்டி ஒட்டி வைங்க. ரெண்டேகாலும் ரெண்டேகாலும் நாலரை. கச்சிதமா உட்கார்ந்தா நாலரை இன்ச். ரெண்டும் சேர்ந்து நுழையலைன்னா இறுக்கமான டேபிள். நடுவுல விரல் போற அளவுக்கு இடம் இருந்தா, போன வாரம் நீங்க வரிசையா போட்ட ஆறு பந்தைப் பத்தி நண்பர்கள்கிட்ட கொஞ்சம் அடக்கிப் பேசுங்க. ஃபோட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க. ஓனர் பார்த்து "என்னய்யா பண்றே?"ன்னு கேட்டா என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க, அவருக்கு நான் இன்னும் ரெண்டு மணி நேரக் காசு பாக்கி.