'ஜெர்ரி' படத்துல ஏன் கொன்னான்? ஒரு கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி. நண்பர் ஒருத்தர் அனுப்பியிருக்கார்: "நீங்க சொன்னீங்கன்னு 'ஜெர்ரி' பாத்தேன் சார். ரெண்டு பேர் நடக்குறாங்க, நடந்துகிட்டே இருக்காங்க. கடைசியில ஒருத்தன் இன்னொருத்தனக் கொன்னுடுறான். ஏன் கொன்னான்? இதுல நட்பு எங்க இருக்கு?"

கோபம் நியாயமானதுதான். முடிவைப் பத்திப் பேசப் போறேன், படம் பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்குங்க.

2002ல அமெரிக்க டைரக்டர் கஸ் வான் சான்ட் எடுத்த படம். ரெண்டு நண்பர்கள் பாலைவனத்துல வழி தவறிடுறாங்க, அதான் கதை. மேட் டேமன், கேஸி அஃப்ளெக் ரெண்டே பேர்தான். ரெண்டு கேரக்டருக்கும் பேரு ஜெர்ரி. அது மட்டுமில்ல, எதையாவது சொதப்பிட்டாலும் அவங்களுக்கு அது 'ஜெர்ரி'. நம்ம நண்பர்கள் செட்டுலயும் ஒருத்தன் பேரே வினைச்சொல்லா மாறியிருக்கும்ல, "டேய், குமார் பண்ணிட்டியேடா"ன்னு? அந்த மாதிரி. வெளியாளுக்குப் புரியாத பாஷை. நட்பு எங்கன்னு கேட்டீங்கள்ல, முதல்ல அங்க இருக்கு.

அப்புறம் அந்தப் பாறை சீன். கேஸி ஒரு உயரமான பாறை மேல ஏறிட்டு இறங்கத் தெரியாம நிக்குறான். கீழ டேமன் மண்ண அள்ளி அள்ளிக் கொட்டி மெத்தை போடுறான். கேமரா தூரத்துல அசையாம நிக்குது. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, கூடவே பயமும் வந்துச்சு. எவ்ளோ மண்ணு போட்டாலும் பத்தாதுன்னு நமக்கே தெரியுது. ஆனா கேஸி குதிச்சுடுறான். நண்பன் போட்ட மண்ணுங்குற நம்பிக்கைதான், வேறென்ன?

நடக்குற ஷாட்டுக்கு வருவோம். ரெண்டு முகமும் பக்கவாட்டுல, ரொம்பக் கிட்டத்துல. சரளைக்கல் நறநறன்னு மிதிபடுற சத்தம் மட்டும். கவனிச்சீங்கன்னா ரெண்டு தலையும் ஒரே தாளத்துல ஆடும், கொஞ்ச நேரத்துல தப்பும், திரும்ப ஒண்ணு சேரும். வசனமே இல்லாம டைரக்டர் உறவ அளந்து காட்டுறாரு. அடுத்த தடவ ஹெட்போன் போட்டுட்டுப் பாருங்க, போன்ல வேண்டாம்.

இடமும் ஒரே இடம் இல்ல. அர்ஜென்டினா, கலிபோர்னியாவோட டெத் வேலி, யூட்டாவோட உப்புப் பாலைவனம்னு எல்லாத்தையும் ஒரே பாலைவனம் மாதிரி ஒட்டியிருக்காங்க. அதனால நமக்கும் திசை தெரியாது.

இப்ப கொலை. 1999ல நியூ மெக்சிகோவுல ஒரு பள்ளத்தாக்குல ரெண்டு நண்பர்கள் வழி தவறிட்டாங்க. ஒருத்தர் இன்னொருத்தரக் கொன்னுட்டாரு. தாகம் தாங்காம செத்தவனேதான் கொல்லச் சொன்னான்னு உயிரோட வந்தவர் சொன்னாரு. கோர்ட்டு கொலைன்னே தண்டிச்சுச்சு. படத்துக்கு விதை அந்தச் சம்பவம்தான், ஆனா இது அந்தக் கதையில்ல. இங்க "கொல்லு"ன்னு யாரும் கேக்கல. "நான் கிளம்புறேன்"னு கேஸி சொல்லிட்டுக் கைய நீட்டுறான், அவ்ளோதான். அது வேண்டுதலா, விடைபெறுறதான்னு டேமன்தான் முடிவு பண்றான், கொன்னுடுறான். இவ்ளோ நேரம் ஒரு வார்த்தையிலேயே எல்லாத்தையும் புரிஞ்சுகிட்டவங்க இல்லையா? அங்க சரியாப் புரிஞ்சுகிட்டானாங்குறதுதான் என் சந்தேகம். கருணைன்னு சொல்றவங்க இருக்காங்க, நான் ஒத்துக்கல.

ஏன்னா கொன்னவன் எழுந்து பாக்குறப்ப தூரத்துல ரோடு தெரியுது. கார் போய்க்கிட்டிருக்கு.