கலந்தாய்வில் எழுதிய பதில் எங்கே போகிறது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுகளைக் குறைக்கப் போவதாகப் பிரித்தானிய அரசு அறிவிக்கும்போதெல்லாம், கூடவே பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் கலந்தாய்வு ஒன்றையும் அறிவிப்பது வழக்கம். அந்த ஆவணத்தை வாசித்துப் பதில் எழுதுங்கள் என்று நம்மவர்களிடம் சொன்னால், "அவர்கள் முடிவெடுத்துவிட்டுத்தானே கேட்கிறார்கள், நாம் எழுதி என்ன ஆகப்போகிறது?" என்றே பெரும்பாலும் திருப்பிக் கேட்கிறார்கள். அந்தச் சலிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்நாட்டில் நடந்தவற்றை வரிசையாக எடுத்துப் பார்த்தால், மக்கள் எழுதிக் கொடுத்த பதில்கள், எழுதியவர்களே எதிர்பாராத இடங்களுக்குப் போய்ப் பயன்பட்டிருப்பது தெரியவரும். அதைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன்.

"பிப்" என்று எல்லோரும் சொல்லும் தனிநபர் சுயாதீனக் கொடுப்பனவு, டி.எல்.ஏ. எனப்பட்ட பழைய மாற்றுத்திறனாளி வாழ்க்கைக் கொடுப்பனவுக்குப் பதிலாக, வேலை செய்யும் வயதினருக்கென 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வருமானத்தையோ சேமிப்பையோ பார்த்து இது கொடுக்கப்படுவதில்லை; வேலைக்குப் போகிறவர்களும் பெறலாம். உடற்குறையோ நீண்டகால நோயோ உள்ளவருக்கு அதனால் ஏற்படும் கூடுதல் செலவுக்கு உதவுவதே இதன் நோக்கம். ஸ்கொட்லாந்தில் இதற்கு ஈடாக வேறொரு கொடுப்பனவு இருப்பதால், அங்கே வசிக்கும் நேயர்களுக்கு நான் சொல்வது நேரடியாகப் பொருந்தாது. பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதியில், சமைப்பது, உண்பது, குளிப்பது, உடுப்பது முதலான பத்துச் செயல்களுக்குப் புள்ளிகள் இடப்படுகின்றன. மொத்தம் 8 புள்ளி சேர்ந்தால் சாதாரணத் தொகை; 12 சேர்ந்தால் உயர் தொகை. 2025-26 நிதியாண்டில் அந்தச் சாதாரணத் தொகை வாரத்துக்கு 73.90 பவுண்.

2025 மார்ச் 18ஆம் தேதி, அப்போதைய வேலை மற்றும் ஓய்வூதியத் துறை அமைச்சர் லிஸ் கெண்டல் வெளியிட்ட திட்ட அறிக்கை, இந்தக் கணக்கில் புதிதாக ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. மொத்தம் 8 புள்ளி இருந்தாலும், ஏதாவது ஒரு செயலிலாவது தனியாக 4 புள்ளி பெறாதவருக்கு அன்றாட வாழ்க்கைப் பகுதி கிடைக்காது என்பதே அது. 2026 நவம்பரில் தொடங்குவதாக இருந்தது. கேட்பதற்குச் சிறிய மாற்றம் போலத்தான் இருக்கும். புள்ளி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அதன் கனம் தெரியும். தலைமுடியையோ இடுப்புக்குக் கீழேயுள்ள உடலையோ கழுவ இன்னொருவரின் கை வேண்டியிருந்தால் 2 புள்ளி. தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட பகுதியைக் கழுவ உதவி வேண்டியிருந்தால் 4 புள்ளி. உடுப்பதிலும் இதே கணக்கு: கீழுடம்புக்கு 2, மேலுடம்புக்கு 4. ஆகவே, இடுப்புக்குக் கீழே தானாகக் கழுவ முடியாமலும், கால்சட்டையும் காலுறையும் தானாகப் போட முடியாமலும், சமைப்பதற்கும் கழிப்பறையில் உட்கார்ந்து எழுவதற்கும் துணைக்கருவியை நம்பியும் வாழும் ஒருவர், நான்கு செயல்களிலும் இரண்டிரண்டாக 8 புள்ளி பெற்றுச் சாதாரணத் தொகைக்கு உரியவராகிறார். புதிய நிபந்தனையின்படி அவருக்கு எதுவுமே இல்லை. அவருடைய உடம்பிலோ அன்றாடச் செலவிலோ எந்த மாற்றமும் ஏற்பட்டிருக்காது.

அந்த இழப்பு அவரோடு முடிவதும் இல்லை. வாரத்துக்கு 35 மணி நேரமோ அதற்கு மேலோ ஒருவரைப் பராமரிப்பவருக்குக் கிடைக்கும் பராமரிப்பாளர் கொடுப்பனவு, 2025-26இல் 83.30 பவுண், பராமரிக்கப்படுபவர் பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதி போன்ற ஒன்றைப் பெறுவதைச் சார்ந்தே நிற்கிறது. கணவனின் பிப் நின்றால் மனைவியின் கொடுப்பனவும் நின்றுவிடும். சுமார் 8 லட்சம் பேர் அன்றாட வாழ்க்கைப் பகுதியை இழப்பார்கள் என்று அதிகாரபூர்வ மதிப்பீடே சொன்னது. குறைந்த வருமானத்தினருக்கான யுனிவர்சல் கிரெடிட் கொடுப்பனவில் வந்த மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தால், 50,000 சிறுவர்கள் உட்பட இரண்டரை லட்சம் பேர் புதிதாக வறுமைக்குள் தள்ளப்படுவார்கள் என்பது அரசின் சொந்தக் கணக்கு.

இத்தனை பேரைத் தொடும் அந்த 4 புள்ளி நிபந்தனை வேண்டுமா, வேண்டாமா என்று அந்தத் திட்ட அறிக்கையோடு வந்த கலந்தாய்வு கேட்கவே இல்லை. கொடுப்பனவை இழப்பவர்களுக்கு வேறு எந்த வகையில் ஆதரவளிக்கலாம், பிப் பெறும் வயதை 16இலிருந்து 18ஆக உயர்த்தலாமா, நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு யுனிவர்சல் கிரெடிட்டில் கூடுதலாகக் கிடைக்கும் உடல்நலப் பகுதியை 22 வயதுவரை தள்ளிப்போடலாமா என்பவை போன்ற கேள்விகளே அதில் இருந்தன. வீட்டை இடிப்பதென்று தீர்மானித்துவிட்டு, இடிந்த கல்லை எங்கே அடுக்கலாம் என்று குடியிருப்பவரைக் கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்காகப் பதில் எழுதாமல் விட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது; அவர்களுடைய முடிவு மட்டும் சரியென்று நான் நினைக்கவில்லை. கேட்கப்படாத கேள்விக்கும் பதில் எழுதலாம். கேட்ட கேள்வியின் கீழேயே எழுதலாம்; மின்னஞ்சலில் தனியாகவும் எழுதி அனுப்பலாம். அப்படி எழுதியது துறையின் கோப்பில் இருக்கும். பிறகு, எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்று அந்தத் துறை சொல்ல முடியாது.

கோப்பில் இருப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். கலந்தாய்வு வாக்கெடுப்பு மாதிரி நடப்பதில்லை. எதிர்த்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்றாலும் அரசு தன் வழியே போகச் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆனால் எப்படிக் கேட்க வேண்டும் என்பதில் அரசுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. லண்டன் பிரென்ட் நகரசபை பாடசாலைகளை மூடப் பார்த்தபோது எழுந்த கன்னிங் வழக்கில், 1985இல் நான்கு நெறிகள் வகுக்கப்பட்டன. முடிவு உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். சிந்தித்துப் பதில் சொல்லப் போதுமான காரணங்களையும் விவரங்களையும் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த பதில்களை மனச்சாட்சியோடு பரிசீலித்த பின்பே முடிவெடுக்க வேண்டும். ஹாரிங்கே நகரசபை தொடர்பான வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றமும் இந்த நெறிகளை ஏற்றுக்கொண்டது.

இவை வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. வேலைக்கான உடற்தகுதி மதிப்பீட்டை இறுக்குவதற்காக, 2023 செப்டம்பரில் அன்றைய கன்சர்வேட்டிவ் அரசு ஒரு கலந்தாய்வை நடத்தியது. எட்டு வாரத்துக்கும் சற்றுக் குறைவான அவகாசமே கொடுக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளை வேலைக்குப் போக ஊக்குவிப்பதே நோக்கம் என்று ஆவணம் பேசிற்று. செலவைக் குறைப்பதும் நோக்கம் என்பதையோ, பாதிக்கப்படும் பெரும்பாலோர் மாதம் 416.19 பவுண் இழக்க நேரும் என்பதையோ வாசிப்பவர் புரிந்துகொள்ளும்படி அது எடுத்துச் சொல்லவில்லை. செயற்பாட்டாளர் எலன் கிளிஃபர்ட் தொடுத்த வழக்கில், அந்தக் கலந்தாய்வு மக்களைத் தவறாக வழிநடத்தியது, அவகாசமும் போதாது, ஆகவே சட்டவிரோதமானது என்று 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்சி மாறிய பின்பு வந்த தீர்ப்பு அது. புதிய அரசும் நீதிமன்றத்தில் பழைய கலந்தாய்வை நியாயப்படுத்தியே வாதாடியது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

வழக்குக்கே போகாமல் பதில்கள் பலித்த சந்தர்ப்பமும் உண்டு. பராமரிப்பு இல்லங்களில் வசிப்பவர்களுக்குக் கிடைத்துவந்த நடமாட்டக் கொடுப்பனவை நிறுத்தப் போவதாக 2010 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. சுமார் 80,000 பேரின் கையிலிருந்து, உயர் தொகை என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 50 பவுணைப் பறிக்கும் திட்டம் அது. அவர்களுடைய போக்குவரத்துச் செலவை இல்லமே பார்த்துக்கொள்கிறது, ஆகையால் ஒரே தேவைக்கு இரண்டு இடத்திலிருந்து பணம் போகிறது என்பது அரசு சொன்ன காரணம். இல்லங்களில் வசிப்பவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் திரும்பத் திரும்ப எழுதியது ஒன்றைத்தான்: இல்லம் எங்களை மருத்துவரிடம் கூட்டிப்போகும், தங்கையின் வீட்டுக்கோ கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ கூட்டிப்போகாது, மின்சாரச் சக்கர நாற்காலியும் வாங்கித் தராது. பார்வையற்றவரான பிரபுக்கள் சபை உறுப்பினர் கொலின் லோ தலைமையிலான சுயாதீன ஆய்வு, இரட்டிப்பாகப் பணம் போகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2011 நவம்பரில் சொன்னது. அடுத்த மாதமே அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

தோற்ற கதையும் சொல்ல வேண்டும். டி.எல்.ஏ. காலத்தில், நடக்க முடியாதவர் என்பதை 50 மீட்டரை வைத்து அளப்பது வழக்கமாக இருந்தது. பிப்பின் நடமாட்டப் பகுதியில் உயர் தொகைக்கு அது 20 மீட்டராகச் சுருங்கியது. முந்தைய கலந்தாய்வில் இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று எதிர்ப்பு எழவே, 2013இல் இந்த ஒரு விடயத்துக்காகவே மறுபடியும் கருத்துக் கேட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். ஏறக்குறைய எல்லோரும் எதிர்த்தே எழுதினார்கள். நீதிமன்றமும் பிறகு, மறுபடி கேட்டதால் குறை தீர்ந்தது என்றது. 20 மீட்டர் விதி இன்றும் அப்படியே இருக்கிறது.

2016இல் வேறு விதமாக நடந்தது. உடுப்பதற்கும் கழிப்பறைக்கும் துணைக்கருவி பயன்படுத்துவோரின் புள்ளிகளைக் குறைக்கும் திட்டம், கலந்தாய்வு முடிந்த சில வாரங்களிலேயே அறிவிக்கப்பட்டு, ஆளும் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பைக் கிளப்பியது. துறை அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்தவர் சில நாட்களில் அதைக் கைவிட்டார்.

2025இலும் கிட்டத்தட்ட அதுவே திரும்ப நடந்தது. கலந்தாய்வு ஜூன் 30இல் முடிவதாக இருக்க, 4 புள்ளி நிபந்தனை அடங்கிய மசோதாவை ஜூன் 18ஆம் தேதியே அரசு பாராளுமன்றத்தில் வைத்துவிட்டது. தொழிற்கட்சியின் நூற்றுக்கு மேற்பட்ட எம்.பி.க்களே அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். ஏற்கனவே பெறுபவர்களுக்குப் பாதிப்பில்லை என்று அரசு இறங்கிவந்த பிறகும் எதிர்ப்பு அடங்கவில்லை. ஜூலை 1ஆம் தேதி விவாதத்தில், உறுப்பினர்கள் பலர் தங்கள் தொகுதி மக்கள் எழுதியவற்றை எடுத்துச் சொன்னார்கள். விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து, பிப் பற்றிய பிரிவை நீக்குவதாக அறிவித்தார். பிப் மதிப்பீட்டை முழுமையாக மறுஆய்வு செய்யும் பொறுப்பு அவரிடமே விடப்பட்டது. 2026 இலையுதிர் காலத்துக்குள் அந்த அறிக்கை வரும் என்று சொல்லப்பட்டது. ஆகவே புள்ளி அட்டவணை பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

இனி, எப்படி எழுதுவது என்பதற்கு வருகிறேன். அமைப்புகள் அனுப்பும் மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவது ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல். ஆனால் ஒரே வாசகத்தில் வரும் நூறு கடிதங்களை ஒரே கருத்தாகச் சேர்த்து எண்ணிவிடுவது எளிது. உங்கள் வீட்டில் அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அடிக்கடி துவைக்க வேண்டிய படுக்கை விரிப்புக்கான மின்கட்டணம், பேருந்தில் ஏற முடியாத நாளில் பிடிக்கும் டாக்சி, வெட்டிக் கழுவிய காய்கறிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை என்று அதை எழுதுங்கள். எந்தச் செயலில் எத்தனை புள்ளி பெற்றீர்கள் என்பதை முடிவுக் கடிதத்தில் பார்த்து எழுதினால், மாற்றம் உங்களை எந்த இடத்தில் தாக்கும் என்பதை வாசிப்பவர் மறுக்க முடியாது.

நம் குடும்பங்களில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்த பிள்ளைதான் பெரும்பாலும் எழுதித் தருகிறது. மகள் மேசையில் பேனாவோடு உட்கார்ந்திருக்க, கழிப்பறைக்குப் போவதில் என்ன கஷ்டம் என்ற கேள்விக்கு எந்தத் தகப்பன் உள்ளதை உள்ளபடி சொல்வார்? "அதெல்லாம் பரவாயில்லை, அடுத்த கேள்விக்குப் போ" என்கிறார். மகளும் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புகிறாள். முதுகில் கை எட்டாததை அம்மா சொல்வதில்லை; இரவில் எத்தனை தடவை எழுப்புகிறார்கள் என்பதைப் பராமரிக்கும் மருமகளும் சொல்வதில்லை, மாமியாரைக் குறை சொன்னதாகிவிடும் என்று. மானத்தைக் காப்பதாக நினைத்து மறைத்தவை எல்லாம், அரசின் கணக்கில் இல்லாத கஷ்டங்களாகிவிடுகின்றன. பிள்ளையிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், குடும்பத்துக்கு வெளியே ஒருவரை, ஆலோசனை நிலையத்திலோ சமூக அமைப்பிலோ உள்ளவரை, எழுதித் தரச் சொல்லுங்கள். பெரிய எழுத்து, பிரெய்ல், எளிய வாசிப்பு வடிவங்களில் ஆவணத்தைத் தரும்படியும் கேட்கலாம். 2025இல் அவை தாமதமாக வந்ததால்தான், பன்னிரண்டு வார அவகாசம் ஏப்ரல் 7இலிருந்து கணக்கிடப்பட்டது.

பிப் பிரிவு நீங்கினாலும் அந்த மசோதாவின் மற்றப் பகுதி 2025 செப்டம்பரில் சட்டமாகிவிட்டது. அதன்படி, 2026 ஏப்ரலுக்குப் பிறகு யுனிவர்சல் கிரெடிட்டின் உடல்நலப் பகுதிக்குப் புதிதாக உரித்தாகிறவர்களில் பெரும்பாலோருக்கு, முன்பு வாரத்துக்கு 97 பவுணாக இருந்த தொகை ஏறக்குறைய 50 பவுணாகக் குறைகிறது. மிகக் கடுமையான, மாறாத நோய்நிலை உள்ளவர்களுக்கும் மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கும் மட்டுமே விலக்கு. பிப் பற்றி எழுந்த அளவுக்கு இதைப் பற்றிக் குரல் எழவில்லை. உங்கள் வீட்டில் இதனால் பாதிக்கப்படுபவர் இருந்தால், அடுத்த கலந்தாய்வு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். அனுப்பிய தேதியையும் கடிதத்தின் பிரதியையும் பத்திரமாக வைத்திருங்கள்.

நன்றி, வணக்கம்.