பாத்திரம் தேய்த்தது யார்?

அனைவருக்கும் வணக்கம். வாசகர் வட்டத்துக்கு இலேசான நாவல் ஏற்றதா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்றது என்பதே என் கட்சி. எல்லா இலேசான நாவலும் அல்ல.

எங்கள் வட்டம் அசோக் நகரில் ஒரு மொட்டை மாடியில் மாதம் ஒரு முறை கூடுகிறது. பன்னிரண்டு பேர். நந்தனம் புத்தகக் காட்சியில் ஆசை ஆசையாக வாங்கிய 800 பக்க நாவல் ஒன்றை ஒரு பிப்ரவரியில் எடுத்தோம். படித்து முடித்திருந்தவர்கள் இரண்டு பேர். அவர்கள் பேசினார்கள், மற்றவர்கள் கதாகாலட்சேபம் கேட்பதுபோலத் தலையாட்டினோம். சுண்டல் நன்றாக இருந்தது.

அடுத்த மாதம், சற்று வெட்கத்தோடு, ஓர் இலேசான நாவல். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் பெண், கும்பகோணத்திலிருந்து வந்து தங்கும் மாமியார், கடைசியில் சமாதானம். பன்னிரண்டு பேரும் படித்துவிட்டார்கள். “எங்கள் வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறது” என்றார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது.

அப்போதுதான் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கேட்டார்: “பக்கத்துக்குப் பக்கம் சாப்பிடுகிறார்களே, பாத்திரத்தை யார் தேய்க்கிறார்கள்?”

புரட்டிப் பார்த்தோம். ஒரு வரிகூட இல்லை. மறந்தது ஆசிரியரா, அல்லது அந்த வீடே அப்படித்தானா? இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். மருமகள்தான் தேய்த்திருப்பாள் என்று ஓர் அம்மா அடித்துச் சொன்னார். அவர் கணவர் வாயே திறக்கவில்லை. காவலாளி விளக்கை அணைக்க வரும்வரை பேச்சு ஓடியது.

இலேசு என்றால் ஏளனம் செய்பவர்கள் ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனை நினைத்துப் பார்க்கலாம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைதான் அது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி அடித்துச் சொல்லாமல் விட்டார். அந்த வாதம் இன்றும் நடக்கிறது, டீக்கடை உட்பட.

ஆகவே நான் வைத்திருக்கும் உரைகல் இது. நாவலைப் படித்த இரண்டு பேரிடம், தப்பு யார் மேல் என்று தனித்தனியே கேளுங்கள். பதில் வேறுபட்டால் வட்டத்துக்கு எடுக்கலாம். இருவரும் ஒரே ஆளைக் கை காட்டினால், அதைத் தாம்பரம் மின்சார ரயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கான நாவலை அந்தப் பெரியவரே தேர்ந்தெடுத்திருக்கிறார். 140 பக்கம். இதில் யாரும் சாப்பிடுவதே இல்லையாம். அது அவருக்கு இன்னும் பெரிய சந்தேகமாக இருக்கிறது.