புரதத்தை உடைக்க எதற்கு ஆற்றல்?

[திரையில்: ஏடிபி மூலக்கூறு ஒன்று பிளக்கிறது]

இரைப்பையில் புரதத்தை வெட்டும் நொதிக்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி தேவையில்லை. ஆனால் செல், தன் சொந்தப் புரதத்தைச் சிதைக்க ஏடிபியைச் செலவழிக்கிறது. உடைப்பதற்கு எதற்கு ஆற்றல்? 1950களில் எழுந்த இந்தப் புதிரை 1980 வாக்கில் அவிழ்த்தவர்கள் ஆரன் சிகானோவர், அவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ். 2004இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். எதை உடைப்பது, எதை விட்டுவைப்பது என்று பிரித்தறியத்தான் செல் அந்த விலையைக் கொடுக்கிறது.

[திரையில்: யுபிக்விட்டின், வால் முனை ஒளிர்கிறது]

உடைக்க வேண்டிய புரதத்தின் மேல் ஏறும் குறி, யுபிக்விட்டின். 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். ஈஸ்டில் இருப்பதற்கும் நம்மிடம் இருப்பதற்கும் மூன்றே அமினோ அமிலங்கள்தான் வேறுபாடு!

முதலில் இ1 நொதி. ஏடிபி முதலில் செலவாவது இங்கேதான். யுபிக்விட்டினின் வால் முனையைத் தன்னிடமுள்ள சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தில் பிணைத்து, இ2 நொதியின் சிஸ்டைனுக்குக் கைமாற்றுகிறது.

அடுத்தது இ3. எனக்குப் பிடித்த கட்டம் இது. மனிதரில் இ1 இரண்டு, இ2 சுமார் 40, இ3 மட்டும் 600க்கும் மேல். ஆளைப் பார்த்து அடையாளம் காண்பது இ3 என்பதால்தான் இத்தனை வகை. பெரும்பாலான இ3கள் யுபிக்விட்டினைத் தொடுவதே இல்லை. இ2வையும் இலக்குப் புரதத்தையும் அருகருகே பிடித்து நிறுத்துகின்றன. யுபிக்விட்டின் இலக்கில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஏறிக்கொள்கிறது.

[திரையில்: சங்கிலி நீள்கிறது]

முதல் யுபிக்விட்டினின் 48ஆவது இடத்திலுள்ள லைசினில் அடுத்தது, அதன் மேல் இன்னொன்று. இந்தச் சங்கிலியைக் கண்டால், செல்லின் புரதம் உடைக்கும் இயந்திரமான புரோட்டியாசோம் பிடித்துக்கொள்ளும்; புரதத்தின் மடிப்பை அவிழ்த்து உள்ளே இழுத்துத் துண்டாக்கும். அதற்கும் ஏடிபி வேண்டும். யுபிக்விட்டின் மட்டும் வாசலிலேயே கழற்றப்பட்டு மறுபடியும் பயன்படுகிறது. 63ஆவது இடத்திலுள்ள லைசின் வழியே கோத்த சங்கிலி என்றால் கதை வேறு: அது பெரும்பாலும் டிஎன்ஏ பழுதுபார்ப்பு போன்ற வேலைகளுக்கான சமிக்ஞை.

[திரையில்: பி53 மறைகிறது]

இந்தத் தேர்வைத் திசைதிருப்பவும் முடியும். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் இ6 புரதம் (பெயர் ஒற்றுமை தற்செயல்தான்), நம் செல்லின் ஓர் இ3யைப் பிடித்து, புற்றுநோயைத் தடுக்கும் பி53 மீதே ஏவிவிடுகிறது. மருத்துவமும் இதே வித்தையைச் செய்கிறது. மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தரப்படும் லெனாலிடோமைடு மருந்து, செரெப்ளான் என்ற இ3 பகுதியில் ஒட்டிக்கொண்டு, அந்தப் புற்றுச் செல்கள் நம்பியிருக்கும் இகாரோஸ் புரதத்தின் மேல் குறியை ஏற்றிவிடுகிறது.