தருமபுரி வெயிலுக்கும் ஓசூர் குளிருக்கும் ஒரே செட்டிங் பவுடர் போதுமா?

வணக்கம். தருமபுரியிலிருந்து பேசுகிறேன். இன்றைய வீடியோ முழுவதும் செட்டிங் பவுடரைப் பற்றியது. ஃபவுண்டேஷனும், கருவளையத்தை மறைக்கும் கன்சீலரும் போட்டுக்கொண்டு, பவுடர் மட்டும் போடாமல் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மணப்பெண் அலங்காரம் செய்பவள் என்பதால் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது எந்தப் பவுடரை வாங்குவது என்பதுதான். ஆனால், முகம் வெளுத்துப்போகிறது, கண்ணுக்குக் கீழே கோடு விழுகிறது, ஹோமம் வளர்க்கத் தொடங்குவதற்குள் மேக்கப் திட்டுத்திட்டாகிவிடுகிறது என்று வருந்துபவர்களில் பெரும்பாலோர் நல்ல பவுடரைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். அதை எந்த இடத்தில், எவ்வளவு, எந்த நேரத்தில் போடுகிறோம் என்பதில்தான் சிக்கல். ஊரும் பருவமும் மாறும்போது மாற வேண்டியதும் அதுதான், டப்பா அல்ல.

முதலில், இந்தப் பவுடர் முகத்தில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஃபவுண்டேஷன் என்பது பெரும்பாலும் நீரிலோ எண்ணெயிலோ சிலிக்கோனிலோ நிறமிகளைக் கலந்து செய்த ஒரு குழம்பு. முகத்தில் பூசி முடித்த பிறகும், தோலின் சூட்டாலும் நாம் பேசுவதாலும் சிரிப்பதாலும் அது மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. நகர்ந்து போய் மூக்கோரத்திலும் கண்ணுக்குக் கீழுள்ள மடிப்பிலும் தேங்குகிறது. டால்க், சிலிக்கா, மைக்கா, சோள மாவு, அரிசி மாவு போன்ற மிக நுண்ணிய தூள்களால் ஆன செட்டிங் பவுடர், மேலே மிதக்கும் எண்ணெய்ப்பசையைத் தனக்குள் இழுத்துக்கொண்டு அந்த நகர்வைக் குறைக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், முகம் முழுவதும் பவுடரைத் தூவ வேண்டிய தேவையே இல்லை என்பது விளங்கும். எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமுள்ள நெற்றியின் நடுப்பகுதி, மூக்கு, மோவாய் ஆகியவற்றுக்கும், ஓயாமல் அசையும் கண்ணின் கீழ்ப்பகுதி, சிரிப்புக் கோடு ஆகியவற்றுக்கும் பவுடர் வேண்டும். கன்னத்தின் வெளிப்பக்கத்துக்கும் காதோரத்துக்கும் பெரும்பாலும் வேண்டியதில்லை. அங்கே தோலின் இயல்பான மினுமினுப்பு இருந்தால்தான் முகம் முகமாகத் தெரியும்.

இப்போது என் வலது கன்னத்தைப் பாருங்கள். பெரிய பிரஷில் லூஸ் பவுடரை, அதாவது அழுத்திக் கட்டியாக்காத உதிரித் தூளை எடுத்து, பலரும் செய்வதுபோல் மேலிருந்து கீழாக இழுக்கிறேன். கேமராவை நெருக்கமாக வைத்திருக்கிறேன். பிரஷ் போன பாதையில் ஃபவுண்டேஷன் கலைந்து கோடாகத் தெரிகிறது, தோலின் துளைகளும் மூடப்படாமல் அப்படியே நிற்கின்றன. அடியில் உள்ள பூச்சு இன்னும் இளகிய நிலையில் இருக்கும்போது தேய்த்தால் பவுடர் ஒட்டுவதற்கு முன்பே பூச்சு பெயர்ந்துவிடும்.

இடது கன்னத்துக்குப் பஃப். மென்மையான வெல்வெட் போன்ற துணியில் செய்த பஃப் எந்த ஃபேன்ஸி ஸ்டோரிலும் கிடைக்கும். பவுடரை டப்பாவிலிருந்து நேராகத் தொட்டு எடுக்காமல் மூடியில் சிறிது கொட்டிக்கொள்ளுங்கள். பஃப்பை அதில் ஒற்றி, இரண்டாக மடித்துக் கசக்குங்கள். தூள் மேலே குவிந்து நிற்காமல் துணியின் இழைகளுக்குள் இறங்க வேண்டும். பிறகு புறங்கையில் ஒருமுறை தட்டி, மிகுந்ததை உதிர்த்துவிட்டு, தோலின் மேல் வைத்து அழுத்தி, அழுத்திய நிலையிலேயே லேசாக உருட்டி எடுங்கள். இழுக்கக் கூடாது. அழுத்துவது, உருட்டுவது, எடுப்பது. அடுத்த இடத்துக்குப் போவது. இரண்டு கன்னங்களையும் சேர்த்துப் பாருங்கள், ஒரே பவுடர்தான். இடப்பக்கத்தில் பவுடர் இருப்பதே தெரியவில்லை. பிரஷ் கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணெய்ப்பசை அதிகமில்லாத தோலுக்கு, கடைசியில் மெல்லிய ஒரு பூச்சுக்கு அது நல்லதுதான். அப்போதும் பிரஷால் தட்டித் தட்டி வையுங்கள்.

எப்போது போடுவது என்பதற்கு வருகிறேன். ஃபவுண்டேஷன் போட்டவுடன் புறவிரலால் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். நிறம் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தால் இன்னும் நேரமாகவில்லை. ஓரிரு நிமிடம் பொறுத்து, டிஷ்யூவின் ஒரு படலத்தை மட்டும் பிரித்து முகத்தில் ஒற்றி எடுங்கள். விரலில் லேசான பிசுபிசுப்பு மட்டும் தெரிந்தால் அதுவே சரியான தருணம். கண்ணுக்குக் கீழே மட்டும் இந்தப் பொறுமை செல்லாது. அங்கே கன்சீலர் மடிப்பில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே மேலே பார்த்தபடி, மடிப்பில் தேங்கியதை மோதிர விரலால் ஒற்றிச் சமன்செய்து, அடுத்த நொடியே சிறிய பஃப்பால் மிகக் குறைவான பவுடரை அழுத்திவிட வேண்டும். சமன்செய்யாமல் போட்டால், விழுந்த கோட்டையே பவுடர் நிரந்தரமாக்கிவிடும்.

பேக்கிங் பற்றிக் கேட்கிறீர்கள். கண்ணுக்குக் கீழே பவுடரைக் கனமாக அப்பி, ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டுத் தட்டிவிடும் முறை அது. அமெரிக்காவில் பெண் வேடமிட்டு மேடையேறும் டிராக் கலைஞர்கள், கடுமையான மேடை விளக்குகளின் கீழ் மேக்கப் உருகாமல் இருப்பதற்காகக் கையாண்ட உத்தி, பிறகு சமூக வலைதளங்கள் வழியாக எல்லோருடைய கண்ணாடி முன்னாலும் வந்து சேர்ந்துவிட்டது. ஏப்ரல் மாதத்து வறண்ட காற்றில் அரூர் பேருந்துக்காக நிற்கப்போகும் ஒருவருக்கு இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வெளிச்சத்தில் நெருங்கிப் பார்த்தால் தோல் வெடித்ததுபோலத் தெரியும். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் மோசம். எண்ணெய் வடியும் தோலுள்ள மணப்பெண்ணுக்கு, வரவேற்பு மேடைக்கு மட்டும், அதுவும் குறைவான நேரம் செய்வேன். அன்றாடத்துக்கு ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

இனி ஊர் விஷயம். தருமபுரி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் கோடையில் சிக்கல் எண்ணெய் மட்டுமல்ல, வியர்வையும்கூட. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. எண்ணெயைப் பவுடர் இழுத்துக்கொள்ளும். வியர்வை உப்பு கலந்த நீர், அதன் மேல் பவுடரைப் போட்டால் ஈர மாவைப் போலக் கட்டி தட்டும். மண்டபத்தில் ஹோமப் புகைக்கு நடுவே மணப்பெண்ணின் மூக்கு நுனி வியர்த்ததும், பக்கத்தில் இருக்கும் அத்தையோ நாத்தனாரோ உடனே காம்பாக்டை, அதாவது அழுத்திக் கட்டியாக்கிய பவுடர் டப்பாவைத் திறந்து பூசிவிடுவது பாசத்தால்தான். ஆனால் மேக்கப் கெடுவது அங்கேதான். டிஷ்யூவை மடித்து, துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். சிறிது நேரம் காற்றுப் படவிட்டு, தோல் உலர்ந்த பிறகே பஃப் தொட வேண்டும். பெரும்பாலும் ஒற்றி எடுத்ததுமே முகம் சரியாகிவிடும், பவுடரே தேவைப்படாது. நான் மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது தோழியின் கையில் முதலில் கொடுப்பது டிஷ்யூவைத்தான்.

ஓசூர், தளி பக்கம் கதையே வேறு. மேட்டுநிலமான அங்கே மார்கழி முடிந்து தையில் நடக்கும் அதிகாலை முகூர்த்தத்தில் எலும்பு நடுங்கும் குளிர் இருக்கும். மூக்கின் இருபுறமும் உதட்டோரமும் தோல் வறண்டு பொருக்கு விட்டிருக்கும். பவுடர் அந்தப் பொருக்கை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டும். அங்கே மாய்ஸ்சரைசரை நிதானமாகத் தோலில் இறங்கவிட்டு, மூக்கு நுனி, நெற்றி நடு, கண்ணின் கீழ் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் பவுடரை ஒற்றினால் போதும். இரண்டு ஊருக்கும் நான் எடுத்துச் செல்வது ஒரே டப்பாதான்.

ஒகேனக்கலில் திருமணத்துக்கு முந்தைய போட்டோஷூட் எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: அருவிச் சாரலில் நின்றுகொண்டு பவுடரைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். கிளம்பும் முன் பவுடரை முடித்து, அதன் மேல் செட்டிங் ஸ்ப்ரே அடித்து உலரவிடுங்கள். மெல்லிய படலமாகப் படியும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பன்னீர்போல முகத்தை நனைக்கும் வகையால் இதற்குப் பயனில்லை.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டிரான்ஸ்லூசென்ட், அதாவது தனி நிறம் காட்டாதது என்று அச்சிட்டிருந்தால் எல்லா நிறத்துக்கும் பொருந்தும் என்று விற்பனையாளர் சொல்வார். டப்பாவைத் திறந்தால் தூள் வெள்ளையாகத்தான் இருக்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் சிறிது கூடினால்கூடச் சாம்பல் நிறம் தட்டிவிடும். மாநிறத்தவருக்குக் கண்ணின் கீழ் வெளிர்மஞ்சள் நிறப் பவுடர், பனானா என்ற பெயரில் கிடைப்பது, பெரும்பாலும் பொருந்துகிறது. அதைவிடக் கருத்த நிறத்துக்கு அந்த மஞ்சளும் வெளுப்பாகவே தெரியும்; பீச், ஆரஞ்சு சாயல் கொண்ட ஆழ்ந்த நிறங்களைக் கேட்டு வாங்குங்கள். முகத்தை வெளுப்பாக்குவதற்காக ஒரு படி வெளிர்நிறத்தை வாங்கும் பழக்கத்தை விட்டுவிடலாம், கழுத்து காட்டிக்கொடுத்துவிடும். தாடையோரத்தில் போட்டுக் கடைவாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்குள் எரியும் விளக்கு எதையும் அழகாகத்தான் காட்டும்.

கண்ணாடியில் சரியாக இருந்து, ஆல்பத்தில் மட்டும் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு தெரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சிலிக்கா அதிகமுள்ள பவுடர், கேமராவின் ஃபிளாஷ் ஒளியை அப்படியே லென்ஸுக்குத் திருப்பி அனுப்புவதால் வருவது அது. சன்ஸ்கிரீனில் உள்ள துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் இதே வேலையைச் செய்யும். வீடியோக்காரரின் விளக்கில் இது தெரியாமல் போகலாம். ஆகவே மேக்கப் முடிந்ததும் அறையை இருட்டாக்கி, செல்போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். திட்டு தெரிந்தால், சுத்தமான உலர்ந்த பிரஷால் தட்டிவிட இன்னும் நேரம் இருக்கும்.

வரிசை முக்கியம். கிரீம் வகைகள் எல்லாம் செட்டிங் பவுடருக்கு முன். தூளாக உள்ள மற்ற மேக்கப் வகைகள் எல்லாம் செட்டிங் பவுடருக்குப் பின். செட்டிங் பவுடரின் மேல், கன்னத்துக்குச் சிவப்பு தரும் கிரீம் ப்ளஷ் வைத்தால் திட்டாகத்தான் பிடிக்கும். ஸ்டிக்கர் பொட்டு நிற்கவில்லை என்று சொல்பவர்கள், வைக்கும் இடத்தில் உள்ள பவுடரை மட்டும் துணி நுனியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

வீட்டில் உள்ள டால்கம் பவுடரைப் பயன்படுத்தலாமா என்று பாட்டி காலத்து டப்பாவைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. உடலுக்குப் போடும் அந்தப் பவுடரில் வாசனை கூடுதல். உங்கள் நிறத்துக்கேற்ற நிறமி அதில் கிடையாது. டால்க் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2024 ஜூலையில் அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு உள்ளவற்றின் 2ஏ பிரிவில் சேர்த்தது. அந்தப் பிரிவு சான்றின் வலுவைக் குறிப்பது, ஆபத்து எத்தனை மடங்கு என்பதை அல்ல. தயக்கம் உள்ளவர்கள் சிலிக்கா, சோள மாவு போன்றவற்றால் செய்த டால்க் இல்லாத வகையை வாங்கிக்கொள்ளலாம். எதுவானாலும் தூளை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. லூஸ் பவுடரைத் திறக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், வாயால் ஊதாதீர்கள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போடாதீர்கள். வாங்கும்போது உற்பத்தி உரிம எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

காம்பாக்டின் மேல் சில வாரங்களில் பளபளவென்று ஓடு கட்டிக்கொண்டு, பஃப்பில் எதுவும் ஏறாமல் போகும். பவுடர் தீர்ந்துவிட்டதென்று தூக்கி எறிய வேண்டாம். முகத்து எண்ணெய் பஃப் வழியாகப் போய்ப் படிந்ததுதான் அது. செலோ டேப்பை மேலே ஒட்டி உரித்தால் அந்த ஓடு வந்துவிடும், அடியில் நல்ல பவுடர் இருக்கும். பஃப்பை வாரம் ஒருமுறையாவது ஷாம்பூவில் கசக்கி அலசி, நிழலில் முழுவதும் உலரவிட்டு எடுங்கள். நம் ஊர்க் கோடையில் அதற்கு ஒரு மதியம் போதும். ஓசூர்க் குளிர்காலத்தில் மறுநாள்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஈரம் மிச்சமிருக்கும் பஃப்பை டப்பாவுக்குள் வைத்து மூடிவிடாதீர்கள்.