காலாவதித் தேதிதான் சான்றிதழுக்கு மரியாதை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தொழில்நுட்பச் சான்றிதழ்களுக்குக் காலாவதி தேவையா, இல்லையா என்பது இன்றைய தலைப்பு. தேவை என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் சற்று முன் கேட்டார்: "ராத்திரி பகலாகக் கண்விழித்து வாங்கிய சான்றிதழ். மூன்று வருஷத்தில் படித்த படிப்பு ஊசிப்போய்விடுமா?" நல்ல கைதட்டலும் வாங்கினார்.

அவருக்கு ஒரே ஒரு தேர்வுக் கேள்வியைக் காட்டுகிறேன். ஊழியர்களின் கடவுச்சொல்லை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டும்? 90 நாள் என்றுதான் நான் படித்தேன். என் பொறுப்பில் இருந்த கணினிகளில் எல்லாம் அப்படியே அமைத்தும் வைத்தேன். என்ன நடந்தது? கடைசியில் 1 என்று போட்டிருந்தவர் அடுத்த முறை 2 போட்டார், அப்புறம் 3. ஒருவருடைய விசைப்பலகைக்கு அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் நான்கு கடவுச்சொற்கள் அடிக்கப்பட்டு, ஐந்தாவது மட்டும் பளிச்சென்று இருந்தது. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இல் சொல்லிவிட்டது: கசிந்ததற்கான அறிகுறி இல்லாதபோது, சும்மா நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள். சான்றிதழைப் புதுப்பிக்கப் புத்தகத்தைத் திரும்பத் திறந்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. பழைய பாடம் எனக்கு மறக்கவே இல்லை, நடுவர் அவர்களே. அதனால்தான் அத்தனை நாள் தப்பாகவே செய்துகொண்டிருந்தேன்.

"அனுபவம் கற்றுத்தராததையா தேர்வு கற்றுத்தரும்?" என்றார் இன்னொரு நண்பர். அனுபவத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் ஒரே அலுவலகத்தில் ஒரே பழைய பதிப்போடு பத்து வருஷம் இருந்தால், அந்தப் பதிப்பின் அனுபவம்தானே கிடைக்கும்? பல கணினிகளில் ஓடும் செயலிகளை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் என்ற மென்பொருள் வருஷத்துக்கு மூன்று பதிப்புகள் விடுகிறது. 2022இல் வந்த 1.24 பதிப்பு, செயலிகளைப் பொதிந்து இயக்கும் டாக்கர் என்ற மென்பொருளோடு நேரடியாகப் பேசிவந்த டாக்கர்ஷிம் என்ற இணைப்புப் பகுதியையே எடுத்துவிட்டது. அதன் நிர்வாகிகளுக்கான சிகேஏ சான்றிதழ் முன்பு மூன்று வருஷம் செல்லும். 2024 ஏப்ரல் முதல் இரண்டு வருஷம்தான். இரண்டு வருஷம் என்றாலே ஆறு பதிப்புகள் கடந்துவிடும். கெடு குறைந்ததில் என்ன தப்பு?

சரி, ஆயுள் முழுக்கச் செல்லும் சான்றிதழையும் பார்ப்போம். காம்ப்டியா என்ற அமைப்பு தரும் கணினிப் பாதுகாப்புச் சான்றிதழான செக்யூரிட்டி பிளஸை 2011க்கு முன் வாங்கியவர்களுக்குக் காலாவதியே கிடையாது. அதற்குப் பிறகு வாங்கியவர்களுக்கு மூன்று வருஷம். முன்பு வாங்கியவர் ஒருவர், பின்பு வாங்கியவர் ஒருவர், இரண்டு பேரும் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள், இருவரிடமும் அதே பெயர் கொண்ட சான்றிதழ். முன்னவர் தேர்வு எழுதிய காலத்தில் இணையத்தில் போகும் தகவலை மறைகுறியாக்கிக் காக்கும் முறையான டிஎல்எஸ்ஸின் 1.0 பதிப்பு எங்கும் புழக்கத்தில் இருந்தது. 2021இல் அதை இனிப் பயன்படுத்தக் கூடாது என்று ஒதுக்கியே விட்டார்கள். முன்னவர் தானாகவே படித்துத் தேறியவராக இருக்கலாம். அதை வேலை கொடுப்பவர் அந்தத் தாளைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வார்? நம்மைச் சோதித்துப் பார்க்க வழியில்லாதவருக்காகத்தானே சான்றிதழ் என்ற ஒன்றே இருக்கிறது! தேதி இல்லாத தாள் அவரைத்தான் ஏமாற்றும்.

கட்டண விஷயத்தில் எதிரணியின் வருத்தம் எனக்கும் உண்டு. வேலை தேடிக்கொண்டிருப்பவரிடம் மறுபடி முழுக் கட்டணம் கேட்பது அநியாயம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கட்டணத்தின் குற்றம். மைக்ரோசாஃப்ட் 2021இல் தன் பணிசார் சான்றிதழ்களின் ஆயுளை ஒரு வருஷமாகக் குறைத்தது; கூடவே புதுப்பிப்பை இலவசமாக்கியது. முடிவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள், வீட்டிலிருந்தே, புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். தேறாவிட்டால் கெடு முடிவதற்குள் மறுபடி எழுதலாம். முந்தைய தேர்வுக்குப் பின் என்ன மாறியதோ அதைத்தான் முக்கியமாகக் கேட்கிறார்கள்.

இந்த வழியை எல்லா நிறுவனங்களும் பின்பற்ற வேண்டும் என்று எதிரணி கேட்கட்டும், நானும் கூடச் சேர்ந்து கேட்கிறேன். தேதியை எடு என்று மட்டும் கேட்க வேண்டாம். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. நன்றி.