எந்த எட்டு மணி நேரம்?

(பினாங்கில் ஓர் ஆலய மண்டபத்தில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் புற்றுநோய் நிச்சயம் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அந்தக் கவலையில் அக்கா அன்று நான்கு மணி நேரம்தான் தூங்கினாராம்.

நிச்சயம் எல்லாம் கிடையாது. 2018-ல் பல நாட்டு ஆய்வுகளை, 15 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களோடு, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்க்கும்போது குறைவாகத் தூங்குபவர்களுக்கும் சரி, அதிகம் தூங்குபவர்களுக்கும் சரி, புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆசியர்களைத் தனியே பிரித்தபோது மட்டும், குறைவாகத் தூங்கியவர்களிடம் அபாயம் கூடியிருந்தது. நீண்ட நேரம் தூங்கியவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 21 விழுக்காடு கூடுதல். உடனே நூற்றில் 21 பேர் என்று எண்ணிவிடாதீர்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு வருவது பன்னிரண்டு பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அதிலும் ஒரு சிக்கல். நீண்ட தூக்கம் நோயைக் கொண்டுவந்ததா, உள்ளே ஒளிந்திருந்த நோய் உடம்பை அசத்திப் படுக்க வைத்ததா? பிரித்துச் சொல்வது கஷ்டம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் ஆளைக் கேட்டுத்தான் எழுதிக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரரைக் கேட்டால் ஐந்து மணி நேரம் என்பார். குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடக்கும் எனக்குத்தான் தெரியும், எட்டு என்று.

எனக்கு உறுத்துவது எத்தனை மணி நேரம் என்பதைவிட எந்த நேரம் என்பதுதான், அதாவது இரவு வேலை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-ல் வந்தது. அங்கே நைட் ஷிஃப்ட் பார்த்த ஒருவராவது இல்லாத குடும்பம் இந்த மண்டபத்தில் இருக்குமா? நானும் வார்டில் பல ஆண்டுகள் இரவு முழுக்க விழித்தவள்தான். காலையில் வீடு வந்து, ஜன்னலில் பழைய கைலியை மாட்டிவிட்டுப் படுப்பேன். கண் அசரும் நேரம் பார்த்து ரொட்டிக்காரர் மோட்டார்சைக்கிளில் வந்து ஹாரன் அடிப்பார்.

இரவு இருட்டில் நம் மூளை மெலட்டோனின் என்ற சுரப்பை விடுகிறது. வெளிச்சம் பட்டால் அது அடங்கிவிடும். ஆய்வக எலிகளில் கட்டியின் வளர்ச்சியை அது மெதுவாக்கியதைப் பார்த்திருக்கிறார்கள். மனிதரிடமும் அப்படியே நடக்கிறதா என்பது இன்னும் முடியாத வழக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடம்பின் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை 2007-ல் '2ஏ' பிரிவில் சேர்த்தது. புற்றுநோய் தர வாய்ப்பு அதிகம் என்று பொருள். 2019-ல் மறுபடி ஆராய்ந்தும், இரவு வேலையை அதே பிரிவில்தான் வைத்தது. சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்லும். ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அது சொல்லாது. தீபாவளிக்கு நாம் பிரட்டுகிறோமே ஆட்டிறைச்சி, அதுவும் 2ஏதான். டென்மார்க்கில் இரவுப் பணி செய்து மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் சிலருக்கு இழப்பீடே கொடுத்தார்கள்.

அதற்காக வேலையை விடு என்று நான் சொன்னால், வீட்டுக் கடனை யார் கட்டுவது? பகலில் படுக்கிற அறையை நன்றாக இருட்டாக்குங்கள். கைலி போதாது, தடித்த திரை வேண்டும். வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது தேவை. இதனால் புற்றுநோய் வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் இரத்த அழுத்தத்துக்கும் மனசுக்கும் நல்லது.

மலேசியப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடம், அடுத்தது பெருங்குடல். 50 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்கிறார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு அந்த டப்பாவை வாங்காமல் வராதீர்கள்.

இன்றைக்கு நைட் ஷிஃப்ட் உள்ள பிள்ளைகள் முதலில் வந்து கேளுங்கள், பஸ் போய்விடும். மற்றவர்களுக்குப் பின்னால் கோப்பி வைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டாம், மணி எட்டாகிவிட்டது.